ஆளில்லாத எண்ணுக்கு முதல் சேதி

மேடையில் இருக்கும் மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, ஜெப்ஸி அக்காவின் குடும்பத்தாரே, தருவைகுளத்துப் பெரியவர்களே, வணக்கம். நான் சந்தனச்செல்வி, பதினோராம் வகுப்பு. சங்கத்தின் புயல் எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளை அனுப்பிவந்த ஜெப்ஸி அக்காவோடு சேர்ந்து அவற்றைச் சோதித்தவள். சென்ற செவ்வாய்க்கிழமை மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

போன ஆண்டு இருபத்தேழு படகுகள் வெறும் வலையோடு திரும்பிய நாளை மறப்பீர்களா? "சூறைக்காற்று, உடனே கரை திரும்பவும்" என்று தொடங்கி, காற்றின் வேகம், திசை எல்லாம் சேர்த்து அனுப்பினோம். கடைசியில் "இது சோதனை" என்றும் எழுதியிருந்தோம். நீளமான செய்தி இரண்டு துண்டானது. சிக்னல் விட்டுவிட்டு வரும் கடலில் முதல் துண்டு மட்டும் போய்ச் சேர்ந்தது!

ஞானதீபம் மாமா கரையிலேயே கத்தினார்: "ஏளா ஜெப்ஸி, என்ன வெளையாட்டு காட்டுதியா? இனி ஒஞ் சேதியே எனக்கு வேண்டாம்!" எங்கள் செய்தி இனி வராதபடி அங்கேயே தன் கைப்பேசியில் எங்கள் எண்ணை முடக்கினார். பலரும் முடக்கினார்கள்.

அக்கா சாக்குச் சொல்லவில்லை. "தப்பு எம்மேலதான் மாமா" என்றார்.

மறுவாரம் இணையத்தில் மெய்நிகர் அஞ்சல்பெட்டி ஒன்றையும் அதற்கென ஓர் எண்ணையும் ஏற்பாடு செய்தார்.

"இது யாரு நம்பர்க்கா?"

"யாருதும் இல்லளா."

"அப்போ சேதி எங்கன போயி விழும்?"

சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பினார். எண் உண்டு, அதற்குக் கைப்பேசி கிடையாது. அனுப்பும் கணினிக்கு அது தெரியுமா? தெரியாது! ஏதோ ஓர் ஆளுக்கு என்றே அனுப்பும். செய்தி ஓர் இணையப் பக்கத்தில் வந்து நிற்கும். எத்தனை நொடியில் வந்தது, எத்தனை துண்டாக வந்தது, எல்லாம் தெரியும். துறைமுக அலுவலகத்துக்குப் போகவேண்டிய மின்னஞ்சலையும் இப்படியே பிடித்துப் பார்த்தோம். ஒருவர் கைப்பேசியும் அலறவில்லை!

தமிழில் ஒரு துண்டுக்கு எழுபது இடம்தான். 'கொ' என்று நாம் ஒன்றாகப் படிப்பதைக் கணினி இரண்டாக எண்ணுகிறது! அதைக் கண்டதும் அக்கா ஒவ்வொரு எச்சரிக்கையையும் வெட்டி வெட்டி எழுபதுக்குள் அடக்கினார். அறுபத்தொரு சோதனைகள். அவற்றில் ஒன்றாவது உங்களிடம் வந்ததா?

ஆனாலும் நாற்பத்துமூன்று பேர் இன்னும் எங்கள் எண்ணை முடக்கியே வைத்திருக்கிறீர்கள். வீடு வீடாகக் கேட்டு எழுதிய கணக்கு அது. "நெசமாவே புயல் வரும்போது இவங்க கடல்ல கெடந்தா என்னளா செய்ய?" என்பதுதான் அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது.

ஆளில்லாத எண்ணில் சோதித்துப் பார்க்காத எந்த எச்சரிக்கையும் இனி உங்களுக்கு வராது. அதற்கு நானும் என் தோழி செண்பகமும் பொறுப்பு. அக்காவின் படத்துக்குப் பூ போடுவதற்கு முன்னால் கைப்பேசியை எடுங்கள். முடக்கத்தை எடுக்கத் தெரியாதவர்கள் என்னிடம் கொடுங்கள், நான் செய்து தருகிறேன்.

ஞானதீபம் மாமா, உங்களிடமிருந்தே தொடங்கலாமா?