சாரங்கா கொண்டுவரத் தேவையில்லாத சாமான்கள்

– வாளியும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன் அம்மா.

– வாளியக் கூடவா, புள்ள?

– ஓம். என்னட்ட ரெண்டு வாளி இருக்கு, ஒண்டு உனக்குத்தான் எண்டு சொன்னனான். நுளம்பு வலை, மெத்தை, தலகணி, கேத்தில், சாப்பாட்டுக் கோப்பை எல்லாத்தையும் முந்தநாளே அவளின்ர லிஸ்டில இருந்து வெட்டியாச்சு. இப்ப செல்வநாயகத்தின்ர மகள் கம்பஸ் விடுதிக்குக் கொண்டுபோறது நாலு சட்டையும் ஒரு பவுடர் டப்பாவும்தான்.

– செல்வநாயகம் ஐயான்னு சொல்லு. அவுங்க வயல்லதான் ஒங்கம்மா நான் வேல செய்யிறேன்.

– சரி, ஐயா. ஐயாவின்ர மகள் சாரங்கா.

– அந்தப் பாப்பா ஒண்ணும் சந்தேகப்படலியா?

– ஏன் படப்போறாள்? ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், இப்ப விடுதியிலயும் ஒரே அறையில பேர் விழுந்திருக்கு. அவளுக்கு நல்ல சந்தோசம். நீ இருக்கிறபடியாத்தான் பிரேமி எனக்குப் பயமில்லை எண்டு சொல்லுறாள். நானும் சொன்னன், ரெண்டுபேரும் ரெண்டு கேத்தில் தூக்கி என்னத்துக்கடி, நான் முதல்நாளே போய் எல்லாத்தையும் அடுக்கி வைக்கிறன், நீ கைவீசிக்கொண்டு வா எண்டு.

– நீதான் அந்த அறையில இருக்கப் போறதே இல்லியே.

– இல்லை. அட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியோட மாத்திப்போட்டன். அவள் வாறது அடுத்த கிழமை. எனக்குக் கிடைச்சது அங்கால மேட்டில இருக்கிற விடுதி. சாரங்காவுக்குத் தெரியாது.

– இந்தக் கருவாட்ட எங்க வைக்கிறது?

– அம்மா, கருவாட்டை வைச்சால் என்னை அந்த விடுதியால கலைப்பாங்கள்.

– இரணைமடுக் கொளத்து மீனு. கடதாசியில நாலு சுத்து சுத்தி, மிளகாத்தூள் போத்தலுக்குப் பக்கத்துல வைக்கிறேன். நாறாது.

– மிளகாய்த்தூளும் சேர்ந்து நாறும். சரி வையுங்கோ.

– ஏன் புள்ள, அந்தப் பாப்பாவ அவுங்கப்பா வேன் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாருல்ல? அப்ப கடையில நிப்பாட்டி எல்லாம் வாங்கிக் குடுத்துட்டுத்தான வருவாரு?

– அதுதான் அம்மா முக்கியமான இடம். அண்டைக்குத்தான் அவைக்கு நெல்லு வெட்டுற மிசின் வருது. மிசினை விட்டால் பிறகு எப்ப கிடைக்குமோ, மழையும் வெருட்டிக்கொண்டு நிக்குது. முதலில வேன் பிடிக்கத்தான் நிண்டவராம். நான் சாமானெல்லாம் கொண்டு போறன் எண்டு கேட்டவுடன, அப்ப சின்ன பாக்கோட பஸ்ஸில போகலாம்தானே எண்டிட்டாராம். மீனம்மாவின்ர பெட்டை கெட்டிக்காரி எண்டும் சொன்னவராம். கேட்டனீங்களே, நான் கெட்டிக்காரியாம்.

– அப்ப அது தனியா, ஒரு ஒத்தப் பையோட போயி எறங்கும்.

– வவுனியாவில மாறி, பிறகும் மாறி, போய்ச் சேரப் பொழுதுபட்டிடும். அறையில மற்ற ரெண்டுபேரும் சிங்களப் பிள்ளையள். இவளுக்குத் தண்ணி எண்டு கேக்கிற அளவுக்கும் சிங்களம் வராது.

– அந்தப் புள்ளைங்க ஒரு போர்வையாவது குடுக்கும்.

– குடுக்கட்டும். கேட்டு வாங்கட்டும். கேட்டு வாங்கிறது எப்பிடியிருக்குமெண்டு அந்த வீட்டில ஒராளுக்காவது தெரியவேணும்.

– பிரேமி, வெளயாட்டுன்னு நெனைக்கிற. தை மாசத்து மலையக் குளிரு ஒனக்குத் தெரியாது. எழுவத்தேழு கலவரத்துல தோட்டத்த விட்டு அடிச்சுத் தொரத்துன அன்னிக்கி எனக்கு அஞ்சு வயசு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு, அந்தக் குளிரு மட்டும் மறக்கல. காலையில பீலியில விழுற தண்ணியத் தொட்டா வெரலு மடங்காது. ஒரு கம்பளி இல்லாம அங்க ஒரு ராத்திரி படுத்துப் பாரு.

– நீங்கள் சொல்லித்தானே எனக்கே தெரியும். நான் ரெண்டு கம்பளி வைச்சிருக்கிறன்.

– அப்ப அது வேணும்னே செய்யிற வேல.

– வேணுமெண்டுதான். அவளின்ர அப்பா மட்டும் தெரியாமலோ செய்தவர்? பள்ளிக்கூடத்துக்குப் போய் அதிபருக்கு முன்னால கதிரையில இருந்து சொன்னவர், உந்தப் பிள்ளை எங்கட மாவட்டம் இல்லை, மலைநாட்டு ஆக்கள், கிளிநொச்சிப் பிள்ளையளுக்கு ஒதுக்கின கம்பஸ் இடத்தைப் பிடிக்க வந்தவை, அவை தங்கட மலைக்குப் போகட்டும் எண்டு. நான் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில பிறந்தனான் அம்மா. சண்டைக்குள்ள முள்ளிவாய்க்கால் வரைக்கும் அவையின்ர ட்ரக்டருக்குப் பின்னால நடந்தனாங்கள். அப்ப நாங்கள் எந்த மாவட்டம் எண்டு அவர் கேக்கேல்ல.

– விடு புள்ள.

– விசாரணை, விசாரணை எண்டு இழுத்து, எனக்குக் கடிதம் வர மாசியாப் போச்சு. அதுக்குள்ள அந்த வருசத்து ஆக்கள் படிக்கத் தொடங்கிட்டினம், நீ அடுத்த வருசம் வா எண்டாங்கள். என்னோட சோதினை எழுதினவையெல்லாம் எனக்கு இப்ப சீனியர். எல்லாம் என்னத்துக்கு? சாரங்காவுக்கு முதல் தரம் புள்ளி போதாமல் போச்சு. தன்ர வயலில களை பிடுங்கிறவளின்ர மகள் தன்ர மகளுக்கு முன்னால கம்பஸ் படி ஏறக்கூடாது. அவ்வளவுதான்.

– ஆண்டவன் பாத்தான்ல. மலைக்குப் போகச் சொன்னவரு மகளுக்கே மலையிலதான் கம்பஸ் கெடச்சிருக்கு.

– ஆண்டவன் பஸ்ஸில ஏத்தி விட்டிருக்கிறார். இறக்கி விடுறது நான்.

– சிரிக்க வைக்காத. நான் கோவத்துல இருக்கேன்.

– சிரிக்கத்தானே செய்யிறியள். கேளுங்கோ, நான் எத்தனை தரம் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தனான் தெரியுமே. அவள் விடுதி வாசலில நிண்டு எனக்குப் போன் அடிப்பாள். நான் எடுக்கமாட்டன். பிறகு அப்பாவுக்கு அடிப்பாள். அவர் வரம்பில நிண்டுகொண்டு, மிசின் ஒருபக்கம் இரைய, மகள் அழுகிறதைக் கேக்கவேணும். இங்கயிருந்து ஒண்டும் செய்யேலாது. ஆரிட்டயும் போய்க் கெஞ்சவும் ஏலாது. அந்த ஒரு இரவு அவருக்கு நித்திரை வரக்கூடாது. அது காணும் எனக்கு.

– அதுக்கு அந்தப் பாப்பா நடுங்கணுமா?

– எனக்கும்தானே ஒரு வருசம் போனது. நான் ஆருக்கு என்ன செய்தனான்?

– இங்க வந்து உக்காரு. அந்தச் சட்டைய மடிச்சது போதும். ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லவேணாம்னுதான் இருந்தேன்.

– என்ன?

– ஒன்னய நிப்பாட்டுனது அவருதான். ஆனா திரும்ப விட வச்சதும் அவருதான்.

– ஆர் சொன்னது?

– நான்தான் சொல்றேன். ஒனக்குத் தெரியாம அவுங்க வீட்டுக்குப் போனேன். சொன்னத வாபஸ் வாங்குங்க ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு கேட்டேன். போகலாம் மீனம்மா, ஆனா வயல்ல களை மண்டிக் கெடக்கு, ஆள் கெடைக்கல, இத விட்டுட்டு நான் எங்க போறதுன்னாரு. நான் புடுங்குறேன், கூலி வேணாம்னேன்.

– கூலியில்லாமலோ?

– அந்த மாரி முழுக்க. களை, பொறவு காவல், பொறவு கதிரு அறுத்துக் கட்டுனது. மிசின் எறங்காத பள்ளக் காணிய நாங்கதான அறுத்தோம்.

– கூலியைச் சேத்து ஒண்டா வாங்குறன் எண்டல்லோ எனக்குச் சொன்னனீங்கள். கச்சான் கடலையும் மரவள்ளியும் திண்டு கிடந்தமே, அதுக்கோ?

– கத்தாத. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கேப்பேன். நாளைக்குப் போறன், நாளையிண்டைக்குப் போறன்னுவாரு. அறுப்பு முடிஞ்ச கெழம கூப்புட்டு, மீனம்மா, உன்ர அலுவல் முடிச்சுப்போட்டன்னாரு. அஞ்சாறு நாள்ல ஒனக்குக் கடிதம் வந்துச்சு. மனுசன் வார்த்த மாறல புள்ள. நான் வேல செஞ்சேன், அவரு போயிப் பேசுனாரு. தீந்துபோன விசயம். தீந்துபோனதக் கிளறி நீ எதுக்கு ஒரு பொம்பளப் புள்ளயக் குளிருல போடுற?

– நீங்கள் இதைச் சொல்லி என்னை இன்னும் கூடத்தான் எரிய வைக்கிறியள்.

– எரியும். எனக்கும் எரிஞ்சுச்சு. முட்டி வீங்கி ராவுல படுக்க முடியாது. ஆனாலும் குடுத்த வேலைக்கு எம்புள்ள படிக்கப் போகுதுல்லன்னு நெனச்சுக்குவேன். நீ இப்புடிச் செஞ்சன்னா நான் செஞ்ச வேல என்னாகும் சொல்லு. ஏமாத்துக்காரி மகளுக்குச் செஞ்சதுன்னு போயிரும்.

– அம்மா.

– எனக்காக.

– என்னால ஏலாது. இவ்வளவு பொய்யை அவளுக்குச் சொல்லிப்போட்டு இப்ப என்ர வாயால வராது.

– நான் சொல்றேன்.

– இன்னும் கொஞ்சத்தில அவளே போன் எடுப்பாள். கம்பளியும் சுவெட்டரும் மட்டும்தான் மிச்சம், தன்ர அம்மாவைக் கேட்டுப்போட்டுத் திருப்பி எடுக்கிறன் எண்டவள். நீங்களே கதையுங்கோ. நான் வேற விடுதி, எல்லாச் சாமானையும் கட்டிக்கொண்டு வா எண்டு சொல்லுங்கோ. வேன் பிடிக்கச் சொல்லியும் சொல்லுங்கோ.

– நல்ல புள்ள.

– நல்ல பிள்ளையெண்டு சொல்லாதேங்கோ.

– இந்தா, அடிக்குது. எத அமுக்குறது?

– பச்சையை. விடுங்கோ, நான் ஸ்பீக்கரில போடுறன். நான் இங்க இல்லை, சரியே.

– ஹலோ பிரேமி, இஞ்ச பாரடி...

– பாப்பா, நான் பிரேமி அம்மா.

– ஆ, மீனம்மாவே. எங்க அவள்?

– கெணத்தடிக்குப் போயிருக்கு. நீங்க சொல்லுங்க.

– உங்களிட்டக் கேட்டால் இன்னும் நல்லம், நீங்கள் அந்தப் பக்கம்தானே. அம்மா ஒரு கம்பளியும் சுவெட்டரும் வாங்கி வைச்சிருக்கிறா, பிரேமி தேவையில்லை எண்டவள். அதுகளை வைச்சால் பாக் சிப் பூட்டுதில்லை. கொண்டு போறதோ, விடுறதோ?

– அதச் சொல்லத்தான் பாப்பா எடுத்தேன். வேற விசயமும் இருக்கு. மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். ஒங்கப்பாவுக்கு நான் ஒழுங்கா ஒரு நன்றி கூடச் சொன்னதில்ல. அன்னிக்கு அவரு போய்ப் பேசலன்னா எம்புள்ளைக்கு இந்தப் படிப்பு இல்ல. நான் சொன்னேன்னு சொல்லுங்க.

– அப்பா ஆரோட பேசினவர்?

– எம்புள்ள விசயமா, பள்ளிக்கூடத்துல. கச்சேரி ஆபீசுலயும்.

– அப்பாவோ? இல்லை மீனம்மா, அது கிராம சேவகரல்லோ முடிச்சவர். உங்கட பழைய பதிவுகள் எல்லாம் தன்னட்ட இருக்கு, பிள்ளை இந்த இடம்தான் எண்டு அவர்தான் காட்டினவர். அது மார்கழியிலயே சரிவந்திட்டுது, கடிதம் வரத்தான் பிந்தும் எண்டவர். மீனம்மா உங்கட வயலிலதானே நிக்கிறா, ஒருக்கால் சொல்லிவிடுங்கோ எண்டு வந்து சொல்லிப்போட்டுப் போனவர். நான்தான் அவருக்குத் தேத்தண்ணி ஊத்தினனான்.

– மார்கழியிலயா?

– ஓம். ஏன், உங்களுக்குத் தெரியாதே? அம்மா அப்பாவை ஏசினவா, பாவம் அந்த மனுசிக்குச் சொல்லுங்கோவன் எண்டு. அறுப்பு முடியட்டும், இப்ப சொன்னால் பிறகு ஆர் பள்ளக் காணிக்குள்ள இறங்கிறது எண்டு அப்பா சிரிச்சவர். அவர் அப்பிடித்தான், எல்லாம் பகிடி. குறை நினைக்காதேங்கோ. ஹலோ?

– அம்மா... போனை என்னட்டத் தாங்கோ.

– ஹலோ, மீனம்மா? லைன் கட்டோ?

– இருக்கேன் பாப்பா.

– வேற விசயம் எண்டனீங்கள்?

– அது ஒண்ணுமில்ல.

– அப்ப இந்தக் கம்பளி?

– வெளிய எடுத்து வைங்க. சுவெட்டரையும் எடுத்துருங்க. நான் பொறந்த எடந்தான, எனக்குத் தெரியாதா பாப்பா. தை மாசம் அங்க நல்ல வெயிலு.