எஸ்ரா ஸ்ட்ரீட்ல யாரும் தரமாட்டாங்க

குமரவேல்: …அதைத்தான் தமிழு நானும் சொல்றேன். இந்தத் தனித்தொழில் ஆசையை விட்டுடு. எஸ்ரா ஸ்ட்ரீட் எலக்ட்ரிக் கடைங்கள்ல ஒருத்தனும் உனக்குச் சரக்கு தரமாட்டான்.

தமிழரசி: தரலைன்னா?

குமரவேல்: தரலைன்னா தரலை! அப்புறம் இந்த இரும்புப் பெட்டியை ஹால் நடுவுல வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? புடவை அடுக்குவியா?

தமிழரசி: கையை எடுண்ணா. இப்பதான் ஓட்டை போட்டேன், ஓரமெல்லாம் கூரா இருக்கு.

குமரவேல்: வீட்டையே பட்டறை ஆக்கிட்டே. கீழ்வீட்டு பெங்காலி அண்ணி, அந்த பௌதி, ஒண்ணும் சொல்லலையா?

தமிழரசி: சொன்னாங்களே. மத்தியானம் தூங்கற நேரத்துல மட்டும் டிரில் ஓட்டாதேன்னாங்க. ஓட்டறதில்ல.

குமரவேல்: சரி… கடை கடையா ஏறி இறங்கினியே, என்ன ஆச்சு?

தமிழரசி: ஒருத்தர் ஸ்டாக் இல்லைன்னார். அவர் முதுகுக்குப் பின்னாடி ஷெல்ஃப் முழுக்க பிரேக்கர். இன்னொருத்தர், "வீட்டுல வேலை பாக்கறவங்களுக்கு ஃபேக்டரிச் சரக்கு எதுக்கு தீதி, ஃபேன் சுவிட்ச் தரட்டுமா"ன்னார்.

குமரவேல்: பாத்தியா…

தமிழரசி: அடுத்த கடைக்காரர் ரொம்ப நல்லவர். டீ வாங்கிக் குடுத்துட்டு இல்லைன்னார்.

குமரவேல்: சிரிப்பு வேற வருதா உனக்கு?

தமிழரசி: பஸ்ல அழுதேண்ணா. அதுக்கு மேல அழ நேரம் இல்ல. துர்கா பூஜோ வர்றதுக்குள்ள டாலிகஞ்ச் காலனித் தண்ணி பம்புக்கு இந்தப் பேனல் பெட்டியைப் போட்டுக் குடுத்தாகணும். என்னோட முதல் ஆர்டர்.

குமரவேல்: குடுக்கலைன்னா?

தமிழரசி: ஆர்டர் உங்க கம்பெனிக்கே திரும்பிடும்.

குமரவேல்: "உங்க" கம்பெனியா? நீயும் அங்கதான சம்பளம் வாங்கினே?

தமிழரசி: துரத்தினது யாரு?

குமரவேல்: செக்கிங்ல உக்காந்தவ கையெழுத்தைப் போட்டுட்டுப் பேசாம—

தமிழரசி: எதுல போடச் சொல்றே? வெளியில பெரிய கம்பெனி ஸ்டிக்கர், உள்ள டூப்ளிகேட். லோடு ஏத்திப் பாத்தேன். ஒயர் உருகி நாத்தம் வருது, பிரேக்கர் ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்தவே இல்ல. அதை நர்ஸிங் ஹோமுக்கு அனுப்பச் சொன்னாரு உங்க முதலாளி!

குமரவேல்: ஊர்ல எல்லாரும்தான் பண்றாங்க…

தமிழரசி: அது நீ வாங்கின சரக்குண்ணா. பர்ச்சேஸ்ல நீதான இருக்கே. சரி, புளிசாதம் இருக்கு. சாப்பிடறியா?

குமரவேல்: பேச்சை மாத்தாதே. வாங்குன்னு சொல்றதை வாங்கறேன். எனக்கும் குடும்பம் இருக்கு… இங்க பாரு, முதலாளிகிட்ட உனக்காகப் பேசிட்டேன். மன்னிப்புக் கேட்டா திரும்ப எடுத்துக்கறேங்கறாரு.

தமிழரசி: யாரு யாருகிட்ட கேக்கணும்?

குமரவேல்: நீதான். வேற யாரு?

தமிழரசி: முடியாது.

குமரவேல்: கொஞ்சம் யோசிச்சு—

தமிழரசி: யோசிச்சாச்சு. முடியாது. அந்த கேட்டுக்குள்ள இனி கால் வெக்க மாட்டேன்.

குமரவேல்: இப்படியே முறைச்சுக்கிட்டு இரு. சரக்கு வானத்துலேருந்து கொட்டும்.

தமிழரசி: சாந்த்ராகாச்சிலேருந்து வந்துடுச்சு.

குமரவேல்: …என்னது?

தமிழரசி: காலைல வேன்ல வந்து இறங்குச்சு. அந்த மூலையில, போர்வையைத் தூக்கிப் பாரு.

குமரவேல்: இது… சீலே உடைக்கலையே. பில்லு… ஒரிஜினல் சரக்கு! சாந்த்ராகாச்சி மொண்டல்தாவா குடுத்தாரு? பெரிய ஸ்டாக்கிஸ்ட்டாச்சே, சின்ன ஆளுங்களை வாசப்படி ஏத்த மாட்டாரே!

தமிழரசி: போய் நின்னேன். பேரைச் சொன்னதும் உள்ள வரச் சொன்னாரு. என்னைப் பத்தி முன்னாடியே கேள்விப்பட்டிருக்காராம்.

குமரவேல்: யா… யாரு சொன்னாங்களாம்?

தமிழரசி: ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? ஃபேனைக் கூட்டி வெக்கட்டா?

குமரவேல்: வேணாம். உக்காரு… ஒண்ணு சொல்லணும்.

தமிழரசி: நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு.

குமரவேல்: கடைக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டது நான்தான். முதலாளி பக்கத்துலயே உக்காந்திருந்தாரு… உனக்குச் சரக்கு குடுத்தா எங்க ஆர்டர் இனிமே வராதுன்னு சொன்னேன். மொண்டல்தாவுக்கும்தான் போட்டேன்.

தமிழரசி: தெரியும். "அவ விவகாரம் புடிச்சவ, நல்ல சரக்கா இல்லைன்னா டூப்ளிகேட்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பிடுவா"ன்னு சொன்னியாமே? "அப்படிப்பட்ட ஆளுக்குக் குடுக்கத்தாம்மா நான் கடையே வெச்சிருக்கேன், உங்க அண்ணன் போன் பண்ணலைன்னா உன் பேரே எனக்குத் தெரிஞ்சிருக்காது"ன்னாரு மொண்டல்தா. இன்னும் யாராவது பாக்கி இருந்தா அவங்களுக்கும் போன் போட்டு இதையே சொல்லுண்ணா.