மச்சினன் தந்த மாதிரி

எனக்கு மலச்சிக்கல் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். சுகாதாரத் துறையில் இருப்பவர்களிடம் இதற்கெல்லாம் கூச்சப்படுவானேன்.

நான் இந்தத் தொழிற்சாலை கேண்டீனின் தலைமைச் சமையல்காரன். என் சூப்புக்காகவே வேலையை விடாமல் இருப்பவர்கள் உண்டு என்று மேனேஜர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

பக்கத்துத் தொழிற்சாலையில் சாப்பிட்ட பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டதும், எங்கள் மேனேஜர் பயந்துபோய், சமையலறையில் எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். லேபிலிருந்து வந்த நர்ஸ் ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்து, "நாளைக்குக் காலைல மாதிரி கொண்டாந்துடுங்க" என்றாள். மூடியின் உட்பக்கம் ஒரு குட்டிக் கரண்டி ஒட்டியிருந்தது. என் அனுபவத்தில் அவ்வளவு அவமானமான கரண்டியை நான் பிடித்ததில்லை.

காலையில் முக்கிப் பார்த்தேன், முனகிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வெளியே மச்சினன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். என் மனைவியின் தம்பி. வேலை தேடி வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டவன். அதற்கு முந்தின வாரம் எங்கோ எதையோ தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, பிறகு தேறிவிட்டான். இந்த விஷயத்தில் அவனுக்குக் கஷ்டமே கிடையாது. டப்பாவை அவனிடம் நீட்டினேன். நர்ஸ் கேட்டது மாதிரிதானே, அசல் இல்லையே.

லேபில் அந்த மாதிரியில் கிருமி வளர்ந்துவிட்டது. வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் அந்தப் பாக்டீரியா வாரக்கணக்கில் குடலில் தங்குமாம். கையைச் சரியாகக் கழுவாவிட்டால் சாப்பாட்டுக்கு இறங்கிவிடுமாம். நர்ஸ் பொறுமையாக விளக்கினாள், நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சுத்தம் என்று முடிவு வரும்வரை அடுப்புப் பக்கமே வரக் கூடாது என்றார் மேனேஜர். வயிற்றில் புளியைக் கரைத்தது. எந்த மருந்தும் செய்யாததை அந்தப் பயம் செய்தது, வீட்டுக்கு ஓடினேன்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தலைமைச் சமையல்காரன் இதைக்கூட மச்சினனிடம் இரவல் வாங்கினான் என்று கேண்டீனே சிரிக்கும்.

என் இடத்தை வெளியாள் யாரும் பிடித்துவிடக் கூடாதே என்று மச்சினனை நானே சிபாரிசு செய்தேன். அவனுக்கு வெங்காயம் உரிக்கவே சரியாக வராது. நாலு நாளில் என்னைத் தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். அவனுக்கும் டப்பா கொடுத்தார்கள். இப்போது என் வயிறு ஒத்துழைத்தது. அவன் பெயரில் என்னுடையது போனது. சுத்தம் என்று முடிவு வந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை. தினமும் குளியலறை வாசலில் நின்று, "சோப்பு போட்டியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவனை வேலைக்கு அனுப்பினேன்.

அடுத்த பரிசோதனைக்கு என்னுடையதையே கொடுத்தேன். கிருமி இல்லை என்று வந்த முடிவோடு மேனேஜரிடம் போனேன். அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை வைக்காமலே, "உங்க மச்சினன் கைப்பக்குவம் உங்களுக்கே வராதுங்க. நீங்க நிதானமா ஓய்வெடுங்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அன்றிலிருந்து குளியலறை வாசலில் நிற்பதை விட்டேன். சோப்பு தீர்ந்தது, நான் வாங்கவில்லை. மீசை முளைத்தவனுக்கு எத்தனை நாள்தான் சொல்லிக்கொண்டிருப்பது.

அவனேதான் ஒருநாள் வந்து, சூப்பில் வாசனை தூக்கலாக இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டான்.

"இறக்கி நல்லா ஆற விடு. அப்புறம் கொத்தமல்லியக் கையாலயே கசக்கிப் போடு. கரண்டி பட்டா வாசனை போயிடும்" என்றேன்.

"கையுறை போட்டுக்கலாமா மாமா?"

"கையுறை போட்டவன் டாக்டர்டா. நீ சமையல்காரன்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில் ரகசியத்தை யாரும் இப்படி மனசு விட்டுச் சொல்லித்தர மாட்டார்கள் என்றான். நல்ல பையன். அவனைப் பற்றித் தப்பாக எதுவும் எழுதிவிடாதீர்கள்.

பகல் ஷிப்டில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். கழிவறை வாசலில் நின்ற வரிசையில் மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் போக அனுமதி கேட்டாராம், ஒருவரும் விடவில்லையாம். இதைக் கேட்டு நான் சிரித்தேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருந்தால், அது உண்மைதான். இப்போது நீங்களே மச்சினனைப் பரிசோதித்து, கிருமியைக் கண்டுபிடித்து, முன்பு எப்படிச் சுத்தம் என்று வந்தது என்று கேட்கிறீர்கள். இப்படித்தான்.

எல்லாவற்றையும் தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு யார் மேலும் பகை கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குப் பத்தியச் சாப்பாடு யார் சமைக்கிறார்கள்? முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிடாதீர்கள். நாளைக் காலையிலிருந்து நானே வந்துவிடுகிறேன். பாவம், என் கைச் சாப்பாடு இல்லாமல் அவர்கள் ஏற்கெனவே ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டார்கள்.