வடக்குப்பட்டில் நிற்காத வேன்

தனியாக வேலை செய்கிறவளுக்கு மத்தியானம்தான் ரொம்ப நீளம், எழிலரசன். தண்டலத்தில் என் அறையில் நானும் ஃபேனும் மட்டும்தான்.

உங்கள் அப்பா ஒரகடத்தில் கம்பெனி வேன்களை அனுப்பும் ஆபீசில் இருந்தார். எந்த ஷிஃப்டுக்கு யார் எங்கே ஏறுவார்கள் என்று கம்ப்யூட்டரில் போடுவார். அந்தப் புரோகிராமை எழுதியவள் நான். ஒருநாள் நான் ஏதோ திருத்தப்போய் மொத்தமும் படுத்துவிட்டது. ஓடிப்போய்ச் சரிசெய்தேன். முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தார். உங்கள் அம்மா மீன்குழம்பு ஊற்ற ஊற்ற நான் போதும் என்று சொல்லவே இல்லை.

அன்றைக்கே என் லேப்டாப்பில் 'கிட்' என்ற மென்பொருளைப் போட்டேன். புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது பத்திரமாக வைத்திருக்கும். எந்தப் பழைய பிரதிக்கும் நொடியில் திரும்பலாம். அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடியது. யாரும் என்னைக் கூப்பிடவே இல்லை.

பழைய பிரதி ஒன்றில் பிழை இருந்தது. வடக்குப்பட்டில் ஏறும் பெண்களின் பெயர்களை அது அழித்துவிடும். ஒருநாள் அறையில் இருந்தபடியே அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வேன் வடக்குப்பட்டில் நிற்காமல் போனது. போன் வந்தது. வழியிலேயே நல்ல பிரதியை ஏற்றிவிட்டுப் போய் நின்றேன்.

"நேத்து நானேதாம்மா பேருங்கள போட்டேன். போட்டனா, இல்லியா?" என்றார் உங்கள் அப்பா.

புரோகிராமில் தப்பில்லை என்றேன். அப்போது அதில் உண்மையிலேயே தப்பில்லை. அன்றும் மீன்குழம்பு.

அடிக்கடி செய்யமாட்டேன், ஆசை வரும்போது மட்டும். வேனைத் தவறவிட்ட வடக்குப்பட்டுப் பூமாரி ஒருமுறை மண் லாரியில் தொற்றி ஏறப்போய் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். இப்போது நடக்கிறாள். பழி அப்பாமேல் விழுந்தது, அவரே வேலையை விட்டார். உங்களுக்கு லீவு கிடைக்காததால் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். மறதிக்கு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது வேளை தவறாமல் ஞாபகப்படுத்துகிறேன். எங்களுக்குள் நல்ல சிரிப்பும் பேச்சுமாகப் போகிறது.

நேற்று என் லேப்டாப்பில் நீங்கள் பார்த்தது சரிதான். கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எழுதவேண்டும். 'மீன்குழம்பு' என்று எழுதியிருப்பதெல்லாம் வடக்குப்பட்டுப் பெயர்களை நான் அழித்த நாட்கள்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் காலையில்தான் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் புத்திய நான் நம்பறதில்ல ஷாரோனு, நீ சொன்னா நம்புவேன்," என்றார்.

இப்படி நம்புகிற மனிதரிடம் போய், இத்தனை நாளும் பொய் சொன்னேன் என்று சொல்வது துரோகம் இல்லையா?