ஏழாம் பெட்டியில ராணி இல்லை

— எமில் அண்ணா, ஏழாம் தேனீப் பெட்டியில ராணி இல்லை.

— இருக்கு. மூடியை மூடு, குளிர்க்காத்துப் போகுது.

— பத்துச் சட்டமும் தூக்கிப் பாத்திட்டன். புதுசா ஒரு முட்டை இல்லை. உந்தத் துணித்துண்டுதான் கிடக்கு. என்ன இது, ஸ்பிரிற் மணக்குது?

— அதைத் தொடாதை! ஒருக்காச் சொன்னா விளங்காதோ, விக்ரோறியா?

— விளங்கப்படுத்துங்கோவன்.

— ராணி முந்தநாள் செத்துப் போச்சு. புதுசு நாளைக்குத்தான் தபாலில வருது. பழைய ராணியளை ஸ்பிரிற் போத்தலுக்க ஊறப் போட்டு வைச்சிருக்கிறன். அந்தத் துணியில காலமை ரெண்டு சொட்டு, பின்னேரம் ரெண்டு சொட்டு. மணம் இருந்தாக் காணும், கேட்டியோ, தங்கட பாட்டில வேலை செய்யுங்கள்.

— செத்ததின்ர மணத்துக்கோ?

— அதுகளுக்கு என்ன தெரியும்? மணம் இருந்தா ராணி இருக்கு. அவ்வளவுதான், கேட்டியோ.

— ஹென்டர்சன் லைப்ரரிப் புத்தகத்தில வாசிச்சனான். அந்த மணத்தாலதான் வேலைக்காரத் தேனீயள் எல்லாம் மலடாக் கிடக்குதுகளாம். அதுகளும் பொம்பிளையள்தான் அண்ணா! அதுகளுக்கும் முட்டைப்பை இருக்கு! கிட்ட நிக்கிறதுகள் ராணியை நக்க, அது வாய்க்கு வாய் கூடு முழுக்கப் போகுதாம். மணம் நிண்டுதோ, ஒரு நாளுக்க இரைஞ்சு கொண்டு தாங்களே புது ராணிக்கு அறை கட்டத் துடங்கிடுமாம்.

— அதுதான் கட்ட விடக் கூடாது. ரெண்டு மூண்டு நாள் ஏமாத்தினாச் சரி.

— ஏமாத்தினா. ம்ம். சில்வெஸ்ரர் சனிக்கிழமை வெலிங்டன் போறார்.

— இதுக்குள்ள ஏன் அந்தக் கார் நெளிவு தட்டுறவனை இழுக்கிறாய்?

— முடிவு கேட்டவர். ஓம் எண்டாக் கலியாணம் கட்டுறது, இல்லாட்டி இத்தோட சரி. மூண்டாந்தரம் கேக்கிறார் அண்ணா, இனிக் கேக்கமாட்டார்.

— அம்மா என்ன சொன்னவ? அவ பேசி அனுப்பின கசெற்றில கேட்டனிதானே. 'அவசரப்படாதை பிள்ளை, அண்ணா சொல்லுறதைக் கேள்.' அம்மான்ர சொல்லுக்கு மேல நான் ஆர்?

— அவற்ற பேரை எழுதி மன்னாருக்கு அம்மாக்கு நாலு கடிதம் போட்டனான். நாலு! ஒரு கசெற்றிலயாவது அம்மா 'எந்தச் சில்வெஸ்ரர், ஆற்ற மோன்' எண்டு கேட்டவவோ? அம்மா கேக்காம விடுற ஆளோ?

— தபால் பிந்தும். நாட்டுப் பிரச்சினை தெரியாதோ?

— கடிதம் பிந்தும், கசெற் மட்டும் பிந்தாது, என்ன? மாதம் பிறந்தா டாண் எண்டு வரும். பி.ஓ. பொக்ஸ் திறப்பும் உங்கட பொக்கெற்றுக்கதான்!

— கத்தாதை, கொட்டப் போகுது.

— கொட்டட்டும்! ஜூன் கசெற்றில மீன்காரன் ஹோர்ன் அடிக்கிறான். அம்மா என்னோட கதைக்கிறதை விட்டிட்டு, வாலறுந்த பாரைக்கு இந்த விலையோ எண்டு சண்டை பிடிச்சு வாங்கினவ. ஞாபகமோ?

— ஓம், அதுக்கென்ன இப்ப?

— நேற்று ஓகஸ்ட் கசெற்றைத் திரும்பப் போட்டனான். 'அண்ணா சொல்லுறதைக் கேள்' எண்டு கொண்டிருக்கேக்க கத்துறா. 'ஐயோ, வாலறுந்த பாரையைப் பூனை தூக்குது!'

— பூனை மீன் தூக்காதோ?

— ஜூனில வாங்கின பாரையை ஓகஸ்ட்டில தூக்கிறது என்ன பூனை, அண்ணா?

— ஒரே நாளில பேசி அனுப்பினவ. அம்மாதான். மாதம் ஒண்டு அவளுக்குக் குடு எண்டவ.

— எனக்கு மாதம் ஒரு சொட்டு.

— விசர்க் கதை கதையாதை.

— எத்தினை கசெற்?

— ஆறு.

— மிச்சம்?

— ஒண்டு. மேசை லாச்சிக்க கிடக்கு.

— ஒரே நாளில ஆறையும் பேச அம்மாக்கு அப்பிடி என்ன அவசரம்?

— நீ போனா இந்த நாப்பது பெட்டியையும் ஆர் பாக்கிறது, சொல்லு! இந்த ரானுயி ஊரில நான் ஆரோட கதைக்கிறது?

— எண்பத்தைஞ்சில வந்திறங்கின நாள் துடக்கம் நான்தான் பாத்தனான். ஒருக்காவும் ஏன் எண்டு கேக்கேல்லை. அம்மா சொன்னவ, செய்தனான்.

— இப்பவும் அம்மாதானே சொல்லுறா!

— உந்தத் துணியை எடுத்து இஞ்ச தாங்கோ, நான் எறியிறன். தந்திட்டு என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. அம்மா எப்ப செத்தவ?