ஊற்றுத் தண்ணீரில் கழுவிய வெண்ணெய்

அந்த நாற்காலி வேண்டாம் சார்ஜெண்ட், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். மலையேறி வந்திருக்கிறீர்கள், பூட்ஸுக்குள் அட்டை ஏறியிருக்கும். உப்பு ஜாடி அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். டாம்சின் உள் அறையில் இப்போதுதான் கண் அயர்ந்தாள்.

நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம். இந்த டார்கஸ் லஸ்கமின் வாயைக் கிண்ட வேண்டியதில்லை என்பது கியாமாத் துறைமுகம் வரைக்கும் தெரியும். யார் வீட்டு ரொட்டி கருகியது, யார் மகள் யாருடைய குதிரையில் வந்து இறங்கினாள், எல்லாம் முதலில் என்னிடம் வந்துவிட்டுத்தான் ஊருக்குள் போகும். எனக்கு அதில் வெட்கமில்லை. இந்த மலைச்சரிவில் கேட்பதற்கு மணிக்குருவிச் சத்தத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? என் கணவர் சைலஸ் உயிரோடு இருந்தபோதே பேசமாட்டார். போன பிறகு பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பேச்சுக்கு இருந்தது கீழ்ப்பண்ணைக் கோகன் குடும்பம்தான். கோகனுக்கு உடம்பு வணங்காது. கிணற்றை மேட்டில் தோண்டினால் பாறை உடைக்க வேண்டும் என்று, பன்றிப்பட்டிக்குக் கீழே, மண் இளகின இடத்தில் தோண்டினார். மழைக்குப் பட்டியிலிருந்து எது எங்கே வடிகிறது என்று என் வேலியோரம் நின்றாலே தெரியும். நான் வேலியோரம் நிறைய நிற்பவள். இரண்டு கோடைக்குள் அந்த வீடு முழுக்கக் காய்ச்சலில் போய்விட்டது. டாக்டர் சதுப்பு நிலக் காற்று என்றார். அதே காற்றைத்தான் நானும் சுவாசித்தேன். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. நான் குடிப்பது என் வீட்டுக்குப் பின்னால் பாறையிலிருந்து வரும் ஊற்று. படித்தவரோடு வாதாட நான் யார்?

பண்ணை விலைக்கு வந்தது. விற்கும்வரை பசுக்களை நான் கறந்துகொள்வது என்று ஏற்பாடு. பார்க்க வந்தவர்களிடம் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கிணறு, பன்றிப்பட்டி, சவப்பெட்டிகள். ஒருத்தர் டீயைக்கூட முடிக்காமல் குதிரை ஏறினார். அடுத்தவரின் மனைவி வண்டியை விட்டே இறங்கவில்லை. நல்ல காரியம் செய்தேன் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க நான் மாடுகளோடு பேசிக்கொண்டிருந்தேன். பாப்பி என்றொரு செவலைப் பசு. அது பதில் பேசவில்லையென்று நான் கோபித்துக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் ஜேகோவும் டாம்சினும் வந்தார்கள். கடல் கடந்து வந்த கார்ன்வால் ஆட்கள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை, லவ்டே. அவன் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். பசுவுக்குப் பின்னால் போய் நின்று மடியைத் தேடினான்.

"ஏம்மா, உன் புருஷனுக்குப் பால் எந்தப் பக்கம் வரும்னு யாரும் சொல்லலையா?" என்றேன்.

"அவருக்கு மண்ணுக்கு அடியில இருந்தாத்தான் எதுவும் புரியும் அத்தை," என்றாள் டாம்சின். "பசுவைப் புதைச்சு வைங்க, கண்டுபிடிச்சிடுவாரு."

அவர்கள் ஊரில் வயதான பெண்களை எல்லாம் அத்தை என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்த நாள்வரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும். பால்பண்ணை வாங்குகிறவர் அந்தப் பண்ணைப் பாலில் ஒரு கட்டி வெண்ணெய் எடுக்கச் சொல்வார். மோரை வடித்துவிட்டு அந்தப் பண்ணைத் தண்ணீரிலேயே கழுவ வேண்டும், உப்புப் போடக்கூடாது. ஒரு வாரம் மூடி வைத்து முகர்ந்து பார்ப்பார். தண்ணீர் கெட்டதென்றால் வெண்ணெய் நாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மாட்டின் பல்லைப் பார்ப்பது, ஏடு படிய வைக்கும் தகரத் தட்டுகளில் ஓட்டை பார்ப்பது எல்லாம் சும்மா ஒப்புக்கு.

கறப்பவள் நான், கடைபவளும் நான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சரிவு அவ்வளவு தூரமில்லை. என் ஊற்றுத் தண்ணீரை இரண்டு பால் வாளிகளில் கொண்டுபோய் அந்த வெண்ணெயைக் கழுவினேன். தண்ணீர் தெளியும்வரை மூன்று தரம். அவ்வளவு சுத்தமாக நான் எனக்கே கழுவியதில்லை.

ஒரு வாரம் கழித்து ஜேகோ மூடியைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டான். "பூ மாதிரி இருக்கு அத்தை. இந்தக் கிணத்தை விட்டா நான் முட்டாள்."

நான் மூடியைத் திரும்பப் போட்டு வைத்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வசந்தம் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. ஜேகோ மேட்டை வெட்டிப் பால் அறையைப் பாதி மண்ணுக்குள் இறக்கினான், உள்ளே கோடையிலும் சில்லென்று இருக்கும். கறக்கும்போது மாட்டின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் மரச்சட்டங்களைப் புதிதாக அடித்தான். சுவரெல்லாம் சுண்ணாம்பு. கடையும் பீப்பாய் துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்த அன்று டாம்சின் அதைக் கட்டிக்கொண்டு ஆடினாள். தினமும் ஏடு எடுத்த பிறகு என் வாசலுக்கு வருவாள். பேசுவோம். லவ்டே என் விரலைப் பிடித்துக்கொண்டு நடை பழகினாள்.

எச்சரிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். முயன்றேன். "குடிக்கிறதுக்கு என் ஊத்துல எடுத்துக்கயேன்," என்றேன்.

"போங்க அத்தை," என்று சிரித்தாள். "வெண்ணெயே ஒரு வாரம் கெடாம நின்ன தண்ணி. உங்க ஊத்துக்கு நான் எதுக்கு மூச்சு வாங்க ஏறணும்? நான் வரலைன்னா உங்களுக்குப் பொழுது போகாது, அதானே?"

சொல்ல ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதைச் சொன்னால் அவள் மறுபடி என் வாசலுக்கு வரமாட்டாள்.

சில நேரம் ஒன்று தோன்றும். அவன் சுரங்கக்காரன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேட்டில் பாறையை உடைத்து வேறு கிணறு எடுத்திருப்பான், பாட்டுப் பாடிக்கொண்டே. அதை நான் அதிகம் யோசிப்பதில்லை.

பெருமழைக்குப் பின் வெயில் வந்தது. முதலில் லவ்டேக்குக் காய்ச்சல். பிறகு ஜேகோவுக்கு. நான் இரவும் பகலும் அங்கேதான் இருந்தேன். துணி அலசினேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன். எனக்குக் குடிக்க வீட்டிலிருந்து ஒரு ஜாடி கொண்டுபோவேன். அவர்கள் இருந்த நிலையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. குழந்தை தாகம் தாகம் என்று கேட்டது. பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் வாளி இருந்தது. வாளியிலிருந்துதான் கொடுத்தேன். திடீரென்று ஜாடியிலிருந்து கொடுத்தால் ஏன் என்று டாம்சின் கேட்பாள்.

இருவரையும் மேட்டில் அத்தி மரத்தடியில் புதைத்தோம். டாம்சினும் சாய்ந்தபோது அவளை வண்டியில் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டேன். என் தண்ணீரில் தேறிவிட்டாள். டார்கஸ் ஒரு உயிரை மீட்டாள் என்று போதகர் கோயிலில் சொன்னார். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இப்போது மக்கில்ப் விஷயத்துக்கு வருகிறேன். டாம்சினுக்குக் கப்பலேறிப் போகும் தூரத்தில், பர்ராவில் ஒரு அண்ணன் இருக்கிறான், செப்புச் சுரங்கத்தில். பண்ணையை விற்றுவிட்டு அவனிடம் போகப் போவதாக ஒரு காலை கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னாள். "இங்க இனி என்ன இருக்கு அத்தை?" என்றாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மக்கில்ப் பண்ணையை வாங்கப் பார்க்க வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், நிதானமான மனுஷர். அவரை வழியிலேயே நிறுத்தி எல்லாம் சொன்னேன். கிணறு, பன்றிப்பட்டி, இரண்டு குடும்பம். அவர் முகம் வெளுத்துவிட்டது. இவ்வளவு தெரிந்தவள் சென்ற தடவை ஏன் சொல்லவில்லை, அந்தத் தண்ணீரில் வெண்ணெய் எப்படி நின்றது என்று யோசித்திருக்கிறார். நேரே உங்களிடம் வந்துவிட்டார். பரவாயில்லை. நான் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். இனி அந்தப் பண்ணையை யாரும் வாங்கமாட்டார்கள். பாவம், அவள் கப்பலேறக் காசு ஏது?

ஆமாம், வெண்ணெயை நான்தான் கழுவினேன். தெரிந்தேதான் கழுவினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். எழுந்து, கொஞ்சம் சூப் குடித்த பிறகு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அழுவாள். பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?