நிறம் என்று கேட்ட இடத்தில்

அரூரிலிருந்து சேலம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்காளும் தங்கையும். மத்தியான வெயிலில் பாதி வண்டி தூங்கிக்கொண்டிருந்தது. தங்கையின் மடியில், கல்யாணத் தரகரிடம் கொடுக்கவேண்டிய அவளுடைய பயோடேட்டா.

“அக்கா, மாநிறம்ங்கறத அடிச்சிட்டு நூபியன்னு எழுதிடலாமா?”

“அப்படின்னா?”

“பெங்களூர் ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா. ‘நூபியன் மாதிரி இருக்கற, அவ்வளவு அழகு’ன்னு. ரூமுக்குப் போயி டிக்‌ஷனரி பாத்தன்.”

“என்ன போட்டிருந்துச்சு?”

“நைல் ஆத்தங்கரை ஜனங்களாம். அவங்க பாஷைக்கும் அந்தப் பேருதான். காது தொங்கற ஒரு ஜாதி ஆட்டுக்கும் அதே பேரு. கருப்பா இருக்கறவங்களப் புகழ்றதுக்கும் இங்கிலீஷ்ல சில பேரு சொல்றாங்க.”

“அது அந்த ஜனங்களோட பேருடி. நிறத்தோட பேரில்லயே.”

மஞ்சவாடிக் கணவாயில் வண்டி மெதுவாக ஏறியது. தங்கை ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

“அங்கயும் ஒருத்தி இப்ப நைல் ஆத்தோரமா பஸ்ல போயிட்டிருப்பா, இல்லக்கா? அவளப் பாத்து யாராச்சும் ‘அரூர்க்காரி மாதிரி இருக்கற, அவ்வளவு அழகு’ன்னு சொல்லுவாங்களா?”

அக்காள் காகிதத்தை வாங்கி, நிறம் என்று கேட்ட இடத்தைப் பார்த்தாள்.

“எல்லா வூட்லயும் போடறாங்கன்னு அம்மாவும் மாநிறம்னே போட்டுட்டாங்க.”

பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தாள்.

“கருப்புன்னு எழுதறன்.”

“கொஞ்சம் பெருசா எழுதுக்கா.”